அக்குபஞ்சர் முதுமாணி படிக்க யோசிக்கிறேன், படிச்சவங்க யாராவது இருக்கீங்களா? (கொஞ்சம் நீளம்)

கொட்டகலைப்பனி | ஞாயிறு, இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை கெம்பஸ்ல சித்த மருத்துவம் முடிச்சு, இன்டர்ன்ஷிப்பும் முடிச்சு, ஆயுர்வேத மருத்துவ சபையில பதிஞ்சு ரெண்டு வருஷமாகுது. இப்ப ஹட்டன்ல ஒரு சின்ன கிளினிக்ல வாரத்துக்கு நாலு நாள் இருக்கேன்.

வர்றவங்கள்ல பாதிக்கு மேல கொழுந்து எடுக்கிற அம்மாமார்தான். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால். தைலம் போட்டுத் தடவி கஷாயம் கொடுத்து அனுப்புறேன். ஒரு வாரம் நல்லாருக்குன்னு சொல்வாங்க. மறுபடி பெரட்டுக்கு (தோட்டத்துல காலைல வேலைக்குப் பேர் பதியுற இடம்) போய் நாலு நாள் மலை ஏறினா பழைய கதைதான். அதனால அக்குபஞ்சர் ஒழுங்கா படிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

ரெண்டு வழி கையில இருக்கு. ஒண்ணு, ஒரு தனியார் நிறுவனத்தோட ஒன்லைன் முதுமாணி. 18 மாசம். செயன்முறைன்னு கொழும்புல நாலு சனி ஞாயிறு. காசு தவணையில கட்டலாம். இன்னொண்ணு, சீன அரசாங்கப் புலமைப்பரிசிலுக்குப் போட்டு மூணு வருஷம் அங்கேயே போய்ப் படிக்கிறது. "மூணு வருஷமா?"ன்னு கேட்ட அப்பா அதுக்கப்புறம் பேசவே இல்ல.

கிளினிக்கல் பயிற்சி உண்மையில எப்படி நடக்கும்? எதை வச்சுப் பாஸ் பண்ணுவாங்க? திரும்பி வந்தா இங்க அதை வச்சு என்ன செய்யலாம்? படிச்சவங்க சொல்லுங்க.

பதுளை_நைட்மெயில் | ஞாயிறு, இரவு 9.31

ஸூம்ல ஊசி குத்துவாங்களா? யூடியூப் பார்த்து ரொட்டி சுட்டே எனக்குச் சரிவரல.

ஊசிக்கணக்கு | ஞாயிறு, இரவு 11.02

தங்கச்சி, நான் சீனாவுல, செங்டுவில அக்குபஞ்சர்-துய்னா (சீன மசாஜ் முறை) முதுமாணி முடிச்சவ. ஊர் பண்டாரவளை. அடிப்படைப் பட்டம் உங்களோடதேதான். ரெண்டு மூணு விஷயம் ஆற அமரச் சொல்றேன்.

சீனத்துல முதுமாணி ரெண்டு வகை. ஒண்ணு ஆய்வு வகை: ஆய்வுகூடம், எலி, தரவு, கட்டுரை. மற்றது தொழில் வகை: ஆஸ்பத்திரி, வோர்ட், வெளிநோயாளர். விண்ணப்பத்துல பார்த்தா ஒரு சின்ன வித்தியாசம்தான். எங்க பட்ச்ல ஒருத்தன் அதைக் கவனிக்காம முதல் வகையில மாட்டிக்கிட்டு, மூணு வருஷமும் எலிக்கே ஊசி போட்டான். நீங்க அம்மாமாரோட தோள்வலிக்காகப் போறீங்கன்னா எந்த வகைன்னு முதல் நாளே கேட்டுக்கங்க.

கிளினிக் எப்படின்னா, முதல் ஆறு மாசம் என்னை ஊசி போடவே விடல. காலைல எட்டுக்கு வோர்ட். ஆசிரியர் கட்டில் கட்டிலா நகர்வாரு, நாங்க ட்ரேயைத் தூக்கிக்கிட்டுப் பின்னால. ஊசி கழட்டுறது, பஞ்சு வச்சு அழுத்துறது, மொக்ஸா (சூடு கொடுக்கிற மூலிகைத் திரி) பத்த வைக்கிறது, குவளை வைக்கிறது, எலெக்ட்ரோ வயர் மாட்டுறது, இதுதான் எங்க வேலை. திருகோணமலையில டொக்டர்னு கூப்பிட்டாங்களே, இங்க வந்து எடுபிடியான்னு அழுதிருக்கேன்.

கழட்டுறது சின்ன வேலைன்னு நினைச்சதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்ட கதை: ஒரு நாள் ஒரு வயசான அம்மாவுக்கு 14 ஊசி போட்டாரு ஆசிரியர். நான் கழட்டினது 13. எண்ணல. அந்தம்மா பஸ் ஏறி, ஜன்னல் கண்ணாடியில தலையைச் சாய்ச்சப்பதான் முடிக்குள்ள ஒண்ணு நின்னது தெரிஞ்சிருக்கு. அடுத்த ஹோல்ட்ல இறங்கித் திரும்பி வந்தாங்க. சத்தம் போடல. டிஷ்யூவுல சுத்தியிருந்த ஊசியை என் முன்னால மேசையில வச்சுட்டு, குளிருக்கு அவங்க ஷோலைச் சரி பண்ணிக்கிட்டுப் போயிட்டாங்க. என் லொக்புக்ல அந்த வாரத்துக்குக் கையெழுத்து விழல. அடுத்த ரெண்டு வாரம் நான் கழட்டுறப்பல்லாம் பக்கத்துல ஒரு ஆள் நின்னு எண்ணுச்சு. இந்தப் பேரை இங்க வச்சதும் அதனாலதான்.

ஆறு மாசத்துக்கு அப்புறம் கை, கால். பிறகு வயிறு, கீழ் முதுகு. கழுத்தும் மேல் முதுகும் கடைசி வருஷம். கண் ஓரத்துப் புள்ளியை மூணு வருஷத்துல ரெண்டே தடவைதான் தொட்டிருக்கேன், ரெண்டு தடவையும் ஆசிரியரோட கை என் மணிக்கட்டுல இருந்துச்சு.

இந்த வரிசை வெறும் சம்பிரதாயம் இல்ல. உங்க அம்மாமார் தோளைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. வலிக்கிற இடம் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவுல, கூடை பாரம் இழுக்கிற அதே சதை. அங்க ஜீபி 21னு ஒரு புள்ளி இருக்கு. விரல் வச்சதும் "அங்கதான், அங்கதான்"னு துடிப்பாங்க. அதுக்குக் கீழேயே நுரையீரலோட உச்சி. நேரா ஆழமா விட்டா காத்து இறங்கி நுரையீரல் சுருங்கிடும். புத்தகத்துல போட்டிருக்கிற ஆழம் சாதாரண உடம்புக்கு. எங்க ஊர்ல 40 கிலோ அம்மாமாருக்கு அந்த ஆழமே அதிகம். நான் அந்தச் சதையை ரெண்டு விரலால கிள்ளித் தூக்கி, முன்னிருந்து பின்னாகப் படுக்கையா விடுறேன். இதை நாலு சனி ஞாயிறுல படிக்க முடியுமான்னு நீங்களே யோசிங்க.

பேராதனை_பிசியோ | திங்கள், காலை 6.40

எல்லாரும் ஆரத்தி எடுக்கிறதுக்கு முன்னால ஒரு எதிர்க்குரல். நான் பேராதனையில பிசியோதெரபி படிச்சவன், இப்ப நுவரெலியா பக்கம் வேலை.

2007ல ஜெர்மனியில 1,162 இடுப்புவலிக்காரங்களை வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, சரியான புள்ளியில ஆழமா ஊசி போட்டவங்கள்ல 47.6 வீதம் பேருக்கு முன்னேற்றம். புள்ளியே இல்லாத இடத்துல மேலோட்டமாப் போட்டவங்கள்ல 44.2 வீதம். மருந்து, பிசியோ, உடற்பயிற்சின்னு வழக்கமான சிகிச்சை எடுத்தவங்கள்ல 27.4 வீதம். அப்ப ஊசியில ஏதோ இருக்கு. ஆனா அந்தப் புள்ளியில என்ன இருக்கு?

இங்கிலாந்துல சிகிச்சை வழிகாட்டி போடுற நைஸ் அமைப்பு 2016ல இடுப்புவலிக்கு அக்குபஞ்சர் கொடுக்காதீங்கன்னே சொல்லிருச்சு. அதே அமைப்பு 2012ல தலைவலித் தடுப்புக்கு 5 முதல் 8 வாரத்துல 10 தடவை வரைக்கும் கொடுக்கலாம்னுச்சு. 2021ல நாட்பட்ட முதன்மை வலிக்கும் யோசிக்கலாம்னுச்சு. வலிக்கு வலி கணக்கு மாறுது. இதெல்லாம் தெரியாம மூணு வருஷத்தைக் கொட்டாதீங்க, அவ்வளவுதான்.

ஊசிக்கணக்கு | திங்கள், மதியம் 12.50

தம்பி சொன்ன ஜெர்மன் ஆய்வுதான் எங்க ஆய்வுமுறைப் பாடத்துல முதல் வகுப்பு. ஆசிரியர் பலகையில அந்த மூணு எண்ணையும் எழுதிப் போட்டுட்டு "இப்ப பேசுங்க"ன்னு உக்காந்துட்டாரு. ரெண்டு மணித்தியாலம் சண்டை. போலி ஊசின்னு சொல்றதும் தோலைத் துளைக்குது, அதுவும் ஏதோ செய்யுதுன்னு ஒரு கட்சி. அப்படின்னா 361 புள்ளியை எதுக்கு மனப்பாடம் பண்றோம்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி, இப்பவும் பாதி அதுலதான் நிக்கிறேன்.

முதுமாணியில உருப்படியாக் கிடைச்சது இந்தச் சண்டைதான்னு சொல்வேன். டிப்ளோமாவுல இந்தப் புள்ளிக்கு இந்த நோய்னு பட்டியல் கொடுப்பாங்க. முதுமாணியில அந்தப் பட்டியலை யார், எதை வச்சு எழுதினாங்கன்னு நோண்ட வைப்பாங்க. ஆய்வறிக்கையில எத்தனை ஊசி, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம், கையால திருகினியா கரண்ட் கொடுத்தியா, எத்தனை தடவை, போட்டவருக்கு என்ன அனுபவம், எதோட ஒப்பிட்டேன்னு எல்லாம் எழுதணும். இதுக்குன்னே ஸ்ட்ரிக்டான்னு ஒரு விதிமுறை இருக்கு, 2010ல திருத்தினது. அதுல ஒரு வரி விட்டுப்போச்சுன்னு என் அறிக்கையைத் திருப்பி அனுப்பினாங்க.

மஸ்கெலியா_தாத்தா | திங்கள், இரவு 8.05

பிள்ளைகளே, நீங்க பேசுறது பாதிதான் விளங்குது. 80கள்ல எங்க அம்மாவை இதே ஊசி வைத்தியத்துக்கு ஹட்டன்ல ரயிலேத்தி, களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன். அங்க டொக்டர் அன்டன் ஜயசூரிய நடத்தின அக்குபஞ்சர் கிளினிக். வெள்ளைக்காரப் பிள்ளைங்க கூட்டமா நின்னு படிச்சுக்கிட்டு இருப்பாங்க. எங்க அம்மா பயந்தது ஊசிக்கில்ல, தன்னைச் சுத்தி நின்னு பார்த்த அத்தனை பேருக்கு. வலி கொஞ்சம் குறைஞ்சது உண்மை. ஆனா மாசத்துக்கு ஒரு தடவை கொழும்பு போக யாருக்குக் கட்டும்? மூணாவது தடவையோட விட்டாச்சு.

எங்க பிள்ளை ஒண்ணு படிச்சு வந்து ஹட்டன்லயே இருந்தா அது போதும்.

வடமராட்சி_வேம்பு | திங்கள், இரவு 10.22

நான் யாழ்ப்பாணத்தில சித்த மருத்துவம் படிச்சனான், இப்ப தலவாக்கலையில வேலை. ஒன்லைன் முதுமாணி ஒண்டு செய்து பாத்தனான், அதாலதான் எழுதுறன். எந்த நிறுவனம் எண்டு கேக்காதேங்கோ.

வீடியோ நல்லம், பொய் சொல்லக்கூடாது. மெரிடியன் படமெல்லாம் வடிவாப் போட்டிருந்தவை. செயன்முறை எண்டு போனால் ஒரு ஹோட்டல் மண்டபத்தில 60 பேர், நாலு கட்டில். ரெண்டு நாளில நான் போட்டது ஏழு ஊசி. அதில அஞ்சு என்ர காலிலதான். கடைசிப் பரீட்சை பல்தேர்வு வினா, வீட்டில இருந்தே எழுதலாம். என்ர தங்கச்சி பக்கத்தில இருந்து விடை பாத்துச் சொன்னவள். நான் பாஸ், அவளும் பாஸ் எண்டுதான் சொல்லவேணும்.

சேர்டிபிக்கட் பளபளப்பா இருக்கு. இண்டைக்கும் கழுத்தில ஊசி வைக்கேக்க கை நடுங்குது.

இன்னொண்டு. எங்கட பாடத்திலயே 108 வர்மம் இருக்கே, அதை ஏன் ஒருத்தரும் ஒழுங்காப் படிக்கிறேல்லை?

ஊசிக்கணக்கு | திங்கள், இரவு 10.58

வேம்பு அண்ணன் மனசு விட்டுச் சொன்னதுக்கு நன்றி. இதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. உலக சுகாதார ஸ்தாபனம் 1999ல பயிற்சிக்கு வழிகாட்டி போட்டிருக்கு. மருத்துவர் இல்லாத ஆள் முழுசாப் படிக்க 2,500 மணித்தியாலம். அதுல 500 நவீன மருத்துவ அடிப்படை, 1,000 பாடம், மீதி 1,000 நோயாளி பக்கத்துல. மருத்துவம் ஏற்கெனவே படிச்சவங்களுக்கு 1,500. சில நோய்க்கு மட்டும் கூடுதல் கருவியாப் பாவிக்கிற மருத்துவருக்கு 200. உங்க ரெண்டு நாள் இதுல எங்க வருதுன்னு பாருங்க.

வர்மம் தனி இழை போடணும் அண்ணே. ஒண்ணு மட்டும் சொல்றேன்: ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கேன்னு வர்மப் புள்ளியில ஊசியைக் குத்திப் பார்க்கிற வேலை வேணாம். அது விரலுக்குப் படிச்ச பாடம்.

கொட்டகலைப்பனி | செவ்வாய், காலை 5.55

அக்கா, ராத்திரி தூங்கவே இல்ல. பரீட்சை எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லுங்களேன். ஒஸ்கி (மருத்துவ மாணவருக்கு வைக்கிற செயன்முறைப் பரீட்சை) மாதிரியா?

ஊசிக்கணக்கு | செவ்வாய், இரவு 9.40

ஒஸ்கி மாதிரிதான், ஸ்டேஷன் ஸ்டேஷனா. ஒண்ணுல நோயாளிகிட்ட விவரம் கேட்டு, நாக்கும் நாடியும் பார்த்து, ஏன் இந்தப் புள்ளிங்கன்னு வாதாடணும். இன்னொண்ணுல புள்ளி குறிக்கிறது. இன்னொண்ணுல சுத்தமா ஊசி போடுறது: கை கழுவுறதுல இருந்து ஷார்ப்ஸ் பெட்டியில போடுற வரைக்கும் ஒருத்தர் பக்கத்துல நின்னு டிக் போடுவாரு. கர்ப்பிணிக்கு எது ஆகாது, மயக்கம் வந்தா என்ன பண்ணுவேன்னு திடீர்னு கேட்பாங்க. இதெல்லாம் போக லொக்புக், வோர்ட் மாறுறப்பல்லாம் ஒரு மதிப்பீடு, கடைசியில ஆய்வறிக்கை. அறிக்கையைப் பேரை மறைச்சு வெளி ஆளுக்கு அனுப்புவாங்க. அது திரும்பி வந்த பிறகுதான் வாய்மொழித் தேர்வு.

நான் கோட்டை விட்டது புள்ளி குறிக்கிறதுல, அதுவும் ரொம்பச் சுலபமான புள்ளியில. எஸ்டீ 36. முழங்கால் சிப்பிக்குக் கீழ வெளிப்பக்கக் குழியிலிருந்து மூணு ட்சுன் (உடம்பை வச்சு எடுக்கிற சீன அளவு) கீழே, முன்னெலும்பு விளிம்புக்கு ஒரு விரல் வெளியே. மூணு ட்சுன்னா நாலு விரல் அகலம். நான் டக்குனு என் நாலு விரலை வச்சுக் குறிச்சுட்டேன். கட்டில்ல இருந்தவரு ஆறடி ஆளு. பரிசோதகர் ஒண்ணுமே சொல்லல. அவரோட கையை எடுத்து அவரோட கால்லயே வச்சுக் காட்டினாரு. என் புள்ளிக்கும் அதுக்கும் ஒரு விரல் வித்தியாசம். விரல் கணக்கு நோயாளியோட விரலுக்கு, நம்ம விரலுக்கில்ல. முதல் வருஷப் பாடம்.

இங்க வந்த பிறகு அதுவும் பத்தலன்னு தெரிஞ்சுது. 30 வருஷம் கொழுந்து கிள்ளின கையில விரல் மூட்டு வீங்கி நிக்குது, நாலு விரலைச் சேர்க்கவே முடியாது. அதனால நான் எலும்புக் கணக்குதான் எடுக்கிறேன். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரைக்கும் 12 ட்சுன், முழங்கால் மடிப்பிலிருந்து வெளிக் கணுக்கால் வரைக்கும் 16. நீளத்தைப் பாதி, காலுன்னு ரப்பர் நாடாவுல பிரிச்சுக்கிறது.

இன்னொரு ஸ்டேஷன் எனக்குப் பிடிச்சது. ஊசி போட்டதும் நோயாளிக்கு என்ன உணர்வு வந்துச்சுன்னு அவர் வாயாலேயே எடுக்கணும். சீனத்துல அதுக்கு நாலு சொல் இருக்கு, நம்மகிட்ட அதைவிட அதிகம். உளையுது, மரத்துப்போகுது, பொம்முது, கனக்குது. எங்க அம்மாமாரு "கரண்ட் அடிச்ச மாதிரி விறுவிறுன்னு இறங்குது"ன்னா நரம்பைத் தொட்டுட்டேன், பின்னால இழுக்கணும். "சுள்ளுன்னு எரியுது"ன்னா இன்னும் தோல்லயே நிக்குது. "உள்ளுக்குள்ள யாரோ பிடிச்ச மாதிரி கனக்குது"ன்னாதான் சரியான இடம். இதை எந்த சீனப் பரிசோதகரும் எனக்குச் சொல்லித் தரல.

லயத்துக்_காத்து | செவ்வாய், இரவு 10.15

நான் படிச்ச ஆள் இல்ல. எங்க அம்மா போன வருஷம் ஒரு இடத்துல ஊசி வைக்கப் போய் மயங்கி விழுந்துட்டாங்க. வேர்த்துக் கொட்டிருச்சு. எல்லாரும் ஊசி ஒத்துக்கலன்னு சொன்னாங்க. அது ஏன்?

ஊசிக்கணக்கு | செவ்வாய், இரவு 10.33

அம்மா காலைல என்ன சாப்பிட்டாங்க?

லயத்துக்_காத்து | செவ்வாய், இரவு 10.36

பிளேன்டீ. விடிய பஸ் பிடிச்சுப் போனாங்க.

ஊசிக்கணக்கு | செவ்வாய், இரவு 10.49

பெரும்பாலும் அதுதான் காரணம். வெறும் வயிறு, களைப்பு, பயம், உக்கார வச்சே ஊசி. எல்லா ஊசியையும் உடனே எடுத்துட்டு, படுக்க வச்சு, காலைத் தூக்கி வச்சு, தெளிஞ்சதும் இனிப்பா ஒரு தேத்தண்ணி கொடுத்தா எழும்பிடுவாங்க. நான் இப்ப முதல் கேள்வியே "ரொட்டி சாப்பிட்டீங்களா"தான். கிளினிக்ல ஒரு பிஸ்கட் பக்கட் எப்பவும் இருக்கும். முதல் தடவை வர்றவங்களுக்குப் படுக்க வச்சுத்தான், ஊசியும் நாலைஞ்சுக்கு மேல இல்ல.

பேராதனை_பிசியோ | புதன், காலை 6.20

இது நியாயமான பேச்சு. என் பங்குக்குக் காகித விஷயம். வெளிநாட்டுப் பட்டத்தை இங்க ஏத்துக்குவாங்களான்னு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுகிட்ட போறதுக்கு முன்னாலேயே எழுத்துல வாங்கிக்கங்க. இலங்கைத் தகைமைக் கட்டமைப்புல பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வோட சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். ஒரு கிரெடிட்னா 50 மணித்தியாலப் படிப்பு. ஒன்லைன்காரங்க கொடுக்கிற மணித்தியாலத்தை இதோட ஒப்பிட்டுப் பாருங்க, சிரிப்பு வரும்.

முதுமாணி வேற, தொழில் பதிவு வேற. நீங்க நோயாளியைத் தொடுறது உங்க சித்த மருத்துவப் பதிவை வச்சுத்தான். அந்தச் சபைகிட்டயும் ஒரு கடிதம் கேளுங்க.

ஊசிக்கணக்கு | புதன், காலை 7.05

ஆமா. சீனத்துலயே அந்த முதுமாணி மட்டும் இருந்தா தனியா வைத்தியம் பார்க்க விடமாட்டாங்க, உரிமப் பரீட்சை தனி. நான் அங்க போட்ட ஒவ்வொரு ஊசியும் ஆசிரியரோட உரிமத்துல போட்டதுதான்.

ரெண்டு இடத்துக்கும் மூணு கேள்வி அனுப்புங்க தங்கச்சி. நான் என் கையால எத்தனை நோயாளிக்கு ஊசி போடுவேன்? அப்ப பக்கத்துல நிக்கிறது யாரு? ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? பதில் வந்ததும் இங்க போடுங்க.

கொட்டகலைப்பனி | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. மூணு கேள்வியையும் அனுப்பினேன். ஒன்லைன் ஆள் அன்னைக்கே கூப்பிட்டாரு. மூணுக்கும் பதில் இல்ல, இந்த மாசத்துக்குள்ள கட்டினா கட்டணத்துல 20 வீதம் குறைக்கிறேன்னாரு. செங்டுவில இருந்து 11 நாள் கழிச்சு ஒரு மெயில். ஒரு பழைய லொக்புக்ல ரெண்டு பக்கத்தை ஸ்கேன் பண்ணி, பேரை மறைச்சு அனுப்பியிருக்காங்க. பக்கம் பூரா சிவப்புப் பேனா.

அப்பாகிட்ட அதைக் காட்டினேன். சீனம் ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது. சிவப்பை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் மாதிரி இருக்கே, ஒவ்வொரு நாளுக்கும் வேலைக் கணக்கு"ன்னாரு. அவர் 22 வருஷம் கங்காணி. விண்ணப்பம் போடச் சொல்லிட்டாரு. மாசம் 3,000 யுவான் உதவித்தொகை, 35 வயசுக்குள்ள இருக்கணும், முதல் வருஷம் சீனமொழி. எச்எஸ்கேங்கிற சீனமொழிப் பரீட்சைக்குப் புத்தகம் வாங்கிட்டேன்.

அக்கா, என்ன கொண்டு போகணும்? குளிருமா?

ஊசிக்கணக்கு | ஞாயிறு, இரவு 9.12

நம்ம ஊர் குளிர்தான், ஈரக் குளிர். அறைக்குள்ள சூடு வைக்கிற பழக்கமும் நம்ம ஊர் மாதிரியே கிடையாது. கம்பளிச் சட்டையைவிட மாசித்தூள் நிறையக் கொண்டு போங்க. அவங்க மிளகாயோட சிச்சுவான் மிளகும் போடுவாங்க, நாக்கு மரத்துப்போகும். நாக்கு பார்க்கிற பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் அதைச் சாப்பிடாதீங்க, மாணவர்கள் ஒருத்தருக்கொருத்தர் நாக்கு காட்டித்தான் பழகுவாங்க.

பதுளை_நைட்மெயில் | ஞாயிறு, இரவு 9.15

தங்கச்சி, திரும்பி வந்ததும் முதல் ஊசி என் முழங்காலுக்கு. ரொட்டி சாப்பிட்டுட்டே வர்றேன்.